பல் எக்ஸ்-கதிர்ப்படமும் மலையகத் தொழிலாளரும்: ‘இயற்கை வரலாறு’ என்னும் எண்ணக்கரு பற்றிய சில குறிப்புகள்

1

விஞ்ஞானக் கருவிகளின் வரலாற்றை அவற்றைக் கண்டுபிடித்தோரின் வரலாறாக மட்டும் எழுதும் வழக்கம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. ஒரு கருவி எவருடைய உடல்களின் மீது பயன்பட்டது, எவருக்கு எட்டாமற் போயிற்று, அதன் வழியாகத் திரண்ட அறிவு எங்கிருந்து பெறப்பட்டு எங்கே சென்றடைந்தது என்னும் வினாக்கள் அவ்வழக்கில் இடம்பெறுவதில்லை. இக்கட்டுரையில் பல் மருத்துவத்தில் வழங்கும் எக்ஸ்-கதிர்ப்படத்தை எடுத்துக்கொண்டு அவ்வினாக்களை எழுப்ப முனைகின்றோம். படம் எவ்வாறு உருவாகின்றது, அதனை எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பவற்றை முதலில் சுருக்கமாக விளக்கி, பின்னர் கம்பளைக்கு மேலேயுள்ள மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளரின் வாய்களில் நிகழ்ந்த நீண்டகால ஆய்வொன்றினை அவ்வாசிப்பின் ஒளியில் நோக்குவோம்.

இலக்கிய ஆராய்ச்சியாளருக்கு இதில் என்ன அலுவல் என்று கேட்கப்படலாம். எக்ஸ்-கதிர்ப்படமும் ஒரு பனுவலே. அதில் வெண்மையும் கருமையும் குறிகளாக நிற்கின்றன. குறிகளுக்குப் பொருள் கொள்ளும் முறை உண்டு. தவறாகப் பொருள் கொள்வதற்கான வாய்ப்புகளும் உண்டு. சூழலை விடுத்துப் பனுவலை மட்டும் வாசிப்போர் இலக்கியத்தில் எத்தகைய வழுவுக்கு ஆளாகின்றனரோ, அதனையொத்த வழுவுக்கு மருத்துவத்திலும் ஆளாகின்றனர்.

2

ஜெர்மனியின் வூர்ஸ்பூர்க் நகரில் வில்ஹெல்ம் ரொன்ட்ஜன் 1895 நவம்பர் 8ஆந் திகதி இக்கதிர்களை முதன்முதலிற் கண்டறிந்தார். அவற்றின் தன்மை புலப்படாமையால் கணித வழக்கைப் பின்பற்றி ‘எக்ஸ்’ என்று பெயரிட்டார். டிசம்பர் 22ஆந் திகதி அவர் தம் மனைவி பேர்த்தாவின் கையைப் படமெடுத்தார். அதன்பின் ஒரு மாதமும் கழியுமுன்னரே, 1896 ஜனவரியில், பிரவுன்ஷ்வைக் நகரைச் சேர்ந்த பல் வைத்தியர் ஒட்டோ வால்கொஃப் தம்முடைய பற்களைப் படம்பிடித்தார். கறுப்புக் காகிதத்திற் சுற்றிய கண்ணாடித் தகட்டை வாயினுள் வைத்துக்கொண்டு அவர் 25 நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இன்று ஒரு செக்கனின் சிறு பின்னத்தில் முடியும் செயல் அது.

அமெரிக்காவில், நியூ ஓர்லியன்ஸ் நகரில், எட்மண்ட் கெல்ஸ் 1896ஆம் ஆண்டிலேயே நோயாளர்க்குப் பல் எக்ஸ்-கதிர்ப்படம் எடுக்கத் தொடங்கினார். குழாயினின்றும் வெளிப்படும் கதிரின் செறிவைச் சரிசெய்வதற்குத் தமது கையையே கதிரின் முன் நீட்டிப் பார்ப்பது அன்றைய நடைமுறை. அதன் விளைவாக அவர் கையிற் புற்றுநோய் தோன்றிற்று. விரல்களும் பின்னர் இடக்கையும் அகற்றப்பட்டன. 1928இல் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பொஸ்டன் நகரப் பல் வைத்தியர் வில்லியம் றொலின்ஸ், எக்ஸ்-கதிர் உயிரைப் போக்கவல்லது என்பதை 1901ஆம் ஆண்டிலேயே கினிப் பன்றிகளைக் கொண்டு காட்டியிருந்தார். அவ்வெச்சரிக்கை நெடுங்காலம் செவிசாய்க்கப்படவில்லை.

1913இல் வில்லியம் கூலிட்ஜ் உருவாக்கிய சூடேற்றிய இழைக் குழாய் இத்துறையை ஆய்வுகூட வித்தையினின்றும் நம்பத்தக்க தொழில்நுட்பமாக மாற்றியது. மேல்வாய்ப் பற்களின் முடிகளையும் கீழ்வாய்ப் பற்களின் முடிகளையும் ஒரே படத்திற் காட்டும் கடித்தகட்டுப் படத்தை ஹவாட் றேப்பர் 1925இல் அறிமுகப்படுத்தினார். கருவியின் வளர்ச்சி வரலாறு இவ்வாறு தனிமனிதரின் பெயர்களால் தொடுக்கப்பட்டிருப்பினும், மின்விளக்குக் கைத்தொழிலும் புகைப்படச் சுருள் கைத்தொழிலும் பேருற்பத்தி நிலையை எய்தியமையே அவ்வளர்ச்சியின் பொருளாதார அடித்தளமாகும். கூலிட்ஜ் பணியாற்றியது ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில். 1913இல் ஆயத்தமாகப் பொதியப்பட்ட பல் படச்சுருளைச் சந்தைக்குக் கொணர்ந்தது கொடாக் நிறுவனம்.

3

படம் உருவாகும் முறையை இனி நோக்குவோம். வெற்றிடக் குழாயொன்றினுள் உள்ள இழை சூடேற்றப்படும்போது அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்படுகின்றன. பல் மருத்துவக் கருவிகளில் ஏறத்தாழ 60 முதல் 70 கிலோவோல்ற்று அளவிலான மின்னழுத்தம் அவற்றை விரைவுபடுத்தி டங்ஸ்டன் இலக்கொன்றின்மேல் மோதச் செய்கின்றது. மோதலின் சக்தியில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒரு பங்கே எக்ஸ்-கதிராகின்றது. எஞ்சியது வெப்பமாகக் கழிகின்றது. இக்கதிர் கன்னத்தையும் பல்லையும் தாடை என்பையும் ஊடுருவி, வாயினுள் வைக்கப்பட்ட படச்சுருளையோ இலத்திரனியல் உணரியையோ சென்றடைகின்றது. செறிவுமிக்க பொருள் கதிரை மிகுதியாக உறிஞ்சுவதால் அதன் நிழல் படத்தில் வெண்மையாக விழுகின்றது. கதிர் தடையின்றிச் சென்ற இடம் கருமையாகின்றது.

ஆகவே எக்ஸ்-கதிர்ப்படம் என்பது ஒரு நிழல். ஒளிப்படம் பொருளின் மேற்பரப்பைக் காட்டுகின்றது. இதுவோ பொருளின் தடிப்பையும் செறிவையும் ஒரே தளத்திற் கூட்டிக் காட்டுகின்றது. பல்லின் மேலுறையாகிய எனாமல் உடலில் மிகக் கடினமான பொருள். அது பளிச்சென்று வெண்மையாகத் தோன்றும். அதனடியிலுள்ள டென்டீன் சற்று மங்கிய வெண்மை. நடுவிலுள்ள பற்கூழ் மென்மையானதாகையால் கருமை. வேரைச் சூழ்ந்து மெல்லிய கருங்கோடொன்று ஓடும். பல்லை என்போடு பிணைக்கும் நாரிழையம் அங்குள்ளது. அதற்கு வெளியே பற்குழியின் சுவர் மெல்லிய வெண்கோடாகத் தெரியும். உலோகத்தால் அடைக்கப்பட்ட குழி எல்லாவற்றினும் வெண்மையாக நிற்கும்.

வாசிப்புக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பழைய படச்சுருளின் ஒரு மூலையில் புடைத்த சிறு புள்ளியொன்று இருக்கும். அப்புடைப்பு நம்மை நோக்கி இருக்குமாறு வைத்தால், நோயாளரை எதிரே நின்று பார்ப்பது போன்ற நிலை அமைகின்றது. அவருடைய வலப்பக்கம் எமது இடப்பக்கமாகின்றது. அதன்பின்னர் எங்கு நோய் இருக்கின்றது என்று தேடுவதற்கு முன், இயல்பான அமைப்பு எது என்பதை நிச்சயித்தல் வேண்டும். கீழ்த்தாடையின் முன்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிக்கு அருகே நரம்பு வெளிவரும் இயல்பான துவாரமொன்று உண்டு. படத்தில் அது கரிய வட்டமாகத் தோன்றுவதால் அனுபவமற்றவர் அதனை வேர் நுனிச் சீழ்க்கட்டி எனக் கொள்வர். பற்கழுத்துப் பகுதியில் கதிர் மிகுதியாக ஊடுருவுவதால் எழும் கரிய நிழலைச் சொத்தை எனக் கொள்வோரும் உளர். நிழல் உண்மையானது, அதற்கு உரைத்த பொருளே பிழையானது.

படத்தின் எல்லைகளையும் மனங்கொள்ளுதல் வேண்டும். முப்பரிமாணமுள்ள பல் இருபரிமாணத் தளத்திற் சாய்க்கப்படுகையில், முன்னே நிற்பதும் பின்னே நிற்பதும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. கதிரின் கோணம் தவறினால் பல் நீண்டோ குறுகியோ தோன்றும். எல்லாவற்றினும் முக்கியமானது காலத்தைப் பற்றிய எல்லையாகும். பல்லிலிருந்தோ என்பிலிருந்தோ கனியுப்பின் கணிசமான பங்கு, ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது அல்லது அதற்கு மேல், நீங்கிய பின்னரே அவ்விழப்பு படத்திற் கருமையாகத் தெரியவரும். எனவே படத்தில் தென்படும் நோய் எப்பொழுதும் ஏற்கெனவே முதிர்ந்த நோயாகும். படம் காட்டுவது நடந்து முடிந்ததன் சுவடு. அது இன்று தொடர்கின்றதா, நின்றுவிட்டதா என்பதனைத் தனியொரு படம் கூறமாட்டாது.

முரசு நோயைப் பொறுத்தவரை இவ்வுண்மை மிகவும் தெளிவு. ஆரோக்கியமான வாயில், பற்குழி என்பின் விளிம்பு எனாமலும் வேரும் சந்திக்கும் இடத்துக்கு 1 முதல் 2 மில்லிமீற்றர் கீழே நிற்கும். பல்லின்மீது படியும் கிருமிப்படலம் நீக்கப்படாதவிடத்து முரசு அழற்சியடைகின்றது. சிலரில் அவ்வழற்சி ஆழ்ந்து சென்று, நாரிழையத்தையும் என்பையும் படிப்படியாக அழிக்கின்றது. படத்தில் என்பின் விளிம்பு வேரை நோக்கிக் கீழிறங்கிக்கொண்டே செல்வது தெரியும். இறுதியில் பற்றுக்கோடு இழந்த பல், சொத்தையேதுமின்றியே விழுந்துவிடும்.

4

இவ்விறக்கம் எத்துணை விரைவில் நிகழும்? எல்லாரிடத்தும் ஒரே வேகத்தில் நிகழுமா? இவ்வினாக்களுக்கு உலகப் பல் மருத்துவம் பெற்ற முதன்மையான விடைகளுள் ஒன்று மத்திய மலைநாட்டின் தேயிலைத் தோட்டங்களிலிருந்து கிடைத்தது. அதனை விளங்கிக்கொள்ள அம்மலைகளின் வரலாற்றைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியமாகும்.

14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அரச தலைநகராக விளங்கிய கம்பளை, 19ஆம் நூற்றாண்டில் முற்றிலும் வேறொரு முக்கியத்துவத்தைப் பெற்றது. மகாவலியின் கரையில், கண்டிக்குத் தெற்கே, சமநிலம் முடிந்து மலைகள் எழும் இடத்தில் அது அமைந்திருக்கின்றது. புசல்லாவை வழியாக நுவரெலியாவுக்கும், கொத்மலை வழியாகப் பூண்டுலோயாவுக்கும், நாவலப்பிட்டிக்கும் செல்லும் பாதைகள் அங்கிருந்து பிரிகின்றன. முதலில் கோப்பியும், 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் தேயிலையும் அப்பாதைகளிலேயே இறங்கின. தமிழகத்தின் திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, சேலம் முதலாய பகுதிகளிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்ட மக்கள் அப்பாதைகளிலேயே ஏறினர்.

தோட்டங்களின் மருத்துவம் தொடக்கந்தொட்டே உழைப்பின் தேவைக்கேற்ப அளக்கப்பட்டது. 1872ஆம், 1912ஆம் ஆண்டுகளின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டங்கள், மக்களுக்கான பொதுச் சுகாதார ஒழுங்கினின்றும் வேறாகத் தோட்டங்களுக்கெனத் தனியொரு ஒழுங்கை வகுத்தன. 1916இல் றொக்பெல்லர் நிறுவகம் கொளுக்கிப் புழு ஒழிப்பு இயக்கத்தை இலங்கையில் மாத்தளைத் தோட்டங்களில் தொடங்கியபோது, கணக்கிடப்பட்டவற்றுள் தொழிலாளியின் உழைப்புத் திறனும் ஒன்றாகும். காய்ச்சல் தொழிலாளியைப் பெரட்டுக் களத்துக்கு வரவிடாது தடுக்கும். ஆகவே தோட்ட டிஸ்பென்சரியில் அதற்கு மருந்து உண்டு. முரசு நோயோ மெதுவாக, பெரும்பாலும் வலியின்றியே, பல ஆண்டுகளாக நடப்பது. அது ஒருநாட் கொழுந்தின் நிறையைக் குறைப்பதில்லை. எனவே அவ்வொழுங்கில் அதற்கு இடமும் இருக்கவில்லை.

அரசியல் நிலையும் இதனோடு இணைந்து நின்றது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளரின் வாக்குகளால் ஏழு உறுப்பினர் பாராளுமன்றம் சென்றனர். அவர்களுள் ஒருவர் தலவாக்கலைத் தொகுதியின் சி. வி. வேலுப்பிள்ளை, மலையக இலக்கியத்தின் முன்னோடியாகவும் அம்மக்களின் நாட்டார் பாடல்களைத் திரட்டியவராகவும் நாம் அறிந்தவர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அடுத்த ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தமும் அம்மக்களை நாடற்றவராகவும் வாக்கற்றவராகவும் ஆக்கின. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென வகுத்தது. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். மக்கள் தொகை பேரேட்டின் இரு பத்திகளாகக் கூறுபோடப்பட்ட காலம் அது.

இதே காலத்தில் கம்பளைக்கு வடக்கே, ஒரு மணித்தியாலப் பயணத்துக்கும் உட்பட்ட தொலைவில், பேராதனையில் பல் மருத்துவக் கல்வி நடைபெற்றுக்கொண்டிருந்தது. 1938இல் கொழும்பில் தொடங்கிய அக்கல்வி 1950களில் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. நாட்டின் பல் வைத்தியர்கள் பல தசாப்தங்களாக அங்கேயே உருவாயினர். எக்ஸ்-கதிர்க் குழாயும் இருட்டறையும் அதனை வாசிக்கவல்ல ஆசிரியரும் பேராதனையில் இருந்தனர். மலைக்கும் அக்கல்விக்கூடத்துக்கும் இடையிலிருந்த தூரத்தை மைல்கணக்கால் அளந்துவிடலாகாது. ஒரு நாள் சம்பளத்தை இழக்கும் அச்சமும், மொழியும், பத்திரமற்றவன் எனும் நிலையும் சேர்ந்து அத்தூரத்தை ஆக்கின.

5

1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டவரான ஹரால்ட் லோ தலைமையிலான ஆய்வாளர் குழு, டன்சினன், ஹரோ ஆகிய இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் வாய்களைப் பரிசோதித்தது. டன்சினன் தோட்டம் பூண்டுலோயாவில் உள்ளது. அவர்கள் பதின்பருவத்தினின்றும் முப்பதுகளின் தொடக்கம் வரையான வயதினர். அதற்கு முந்தைய ஆண்டில் ஒஸ்லோ நகரில் 565 மாணவரும் கல்விமான்களும் அடங்கிய குழுவொன்று இதேபோன்று பரிசோதிக்கப்பட்டிருந்தது. ஒஸ்லோ குழுவினர் சிறு வயது முதலே ஒழுங்கான பல் மருத்துவப் பராமரிப்பைப் பெற்றவர்கள். தோட்டக் குழுவினர் பற்தூரிகையின் வழக்கத்தையும் பல் வைத்தியரின் கவனிப்பையும் அறியாதவர்கள். நோய் தலையீடின்றி எவ்வாறு நடந்துசெல்கின்றது என்பதே ஆய்வின் வினா. ஆகவே அவ்வினாவின் அமைப்பிலேயே சிகிச்சையின்மை ஒரு நிபந்தனையாக உள்ளடங்கியிருந்தது.

அதே குழுவினர் 1971, 1973, 1977, 1982, 1985 ஆகிய ஆண்டுகளில் மீண்டும் பரிசோதிக்கப்பட்டனர். மில்லிமீற்றர் அளவு பொறித்த மெல்லிய உலோகக் கோலினை முரசுக்கும் பல்லுக்கும் இடையே செலுத்திப் பற்றிழப்பு அளக்கப்பட்டது. எக்ஸ்-கதிர்ப்படத்தில் என்பின் இறக்கமாகத் தெரிவது எதுவோ, அதன் மென்திசு வடிவமே கோலால் அளக்கப்படும் பற்றிழப்பு. 1978இல் வெளியான முடிவுகளின்படி, நாற்பது வயதை அண்மிக்கும்போது ஒஸ்லோ குழுவின் சராசரிப் பற்றிழப்பு 1.5 மில்லிமீற்றரைச் சற்றே விஞ்சியது. தோட்டத் தொழிலாளரின் சராசரி ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றர்.

1986இல் வெளியான அறிக்கை இன்னும் நுணுக்கமானது. தொழிலாளர் மூவகையாகப் பிரிந்தனர். நூற்றுக்கு 8 பேரில் நோய் விரைந்து சென்றது. 81 பேரில் நடுத்தர வேகத்திற் சென்றது. 11 பேரில் முரசு அழற்சிக்கு அப்பால் நோய் செல்லவேயில்லை. விரைந்த வகையினரின் சராசரிப் பற்றிழப்பு 45 வயதில் ஏறத்தாழ 13 மில்லிமீற்றர். பல பற்களின் வேர் நீளமே ஏறத்தாழ அவ்வளவுதான். அவ்வகையினர் இருபது வயதிலேயே பற்களை இழக்கத் தொடங்கி, நாற்பத்தைந்தில் அனைத்தையும் இழந்தனர். இத்தனைக்கும் அவர்களிடையே சொத்தைப் பல் ஏறக்குறைய இருக்கவேயில்லை. 1985ஆம் ஆண்டுப் பரிசோதனைக்கு வந்தவர், முதற் குழுவினருள் 161 பேர் மாத்திரமே.

அந்தப் பதினைந்து ஆண்டுகளும் மலையகத்தில் எத்தகைய ஆண்டுகள் என்பதை நாம் அறிவோம். 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தமும் 1975இல் கம்பனித் தோட்டங்கள் தேசியமயமானமையும் தோட்ட வாழ்வைக் கலக்கின. 1973, 1974 ஆகிய ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களின் மரணவீதம் உயர்ந்தது. 1977இலும் 1981இலும் 1983இலும் இனவன்முறை மலையகத் தமிழரைத் தாக்கியது. குடும்பம் குடும்பமாகத் தலைமன்னார்த் துறைமுகம் சென்று, 1984 வரை ஓடிய கப்பலிலே மக்கள் இராமேஸ்வரத்துக்குப் பயணமாயினர். மருத்துவ அறிக்கையோ தொழிலாளரின் உடல்நிலை நன்று, ஊட்டநிலை திருப்திகரம் என்ற அளவில் அமைந்துவிடுகின்றது. அளவுகோலுக்குள் அடங்காத வரலாறு அட்டவணைக்கு வெளியே நின்றுவிட்டது.

6

அவ்வறிக்கைகளின் தலைப்பு ‘மனிதனில் முரசு நோயின் இயற்கை வரலாறு’ என்பதாகும். ‘இயற்கை வரலாறு’ என்பது நோய்ப்பரவலியலில் நிலைபெற்ற கலைச்சொல். சிகிச்சை குறுக்கிடாதபோது ஒரு நோய் தொடக்கம் முதல் முடிவுவரை செல்லும் வழியை அது குறிக்கும். அக்கலைச்சொல்லை ஆய்வாளர் புதிதாகப் புனைந்தாரல்லர். தோட்டத்தின் சிகிச்சையற்ற நிலையை உண்டாக்கியவரும் அவரல்லர். தனிமனிதரைக் குற்றக்கூண்டில் நிறுத்துவது வரலாற்று ஆய்வின் பணியாகாது. அச்சொல் எதனை மறைக்கின்றது என்பதே எமது வினா.

பல் வைத்தியரை ஒருபொழுதும் காணாத வாழ்க்கை இயற்கையின் கொடையன்று. கட்டளைச் சட்டங்களும் கங்காணி முறையும் லயமும் குடியுரிமைப் பறிப்பும் சேர்ந்து, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உருவாக்கிய சமூக நிலை அது. ஒஸ்லோ மாணவனின் வாய்க்குப் பின்னால் நலன்புரி அரசொன்றின் வரலாறு நிற்பதுபோலவே, பூண்டுலோயாத் தொழிலாளியின் வாய்க்குப் பின்னாலும் பெருந்தோட்டப் பொருளாதாரத்தின் வரலாறு நிற்கின்றது. முன்னதைப் ‘பராமரிப்பு’ என்றும் பின்னதை ‘இயற்கை’ என்றும் அழைக்கும்போது, உற்பத்தி உறவுகளின் விளைவு உடலின் விதியாக உருமாறுகின்றது. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்துத் தொழிலாளரின் நோய்களையும், 1848இல் விர்ச்சோ மேற்சிலீசியாவின் காய்ச்சலையும் எழுதியபோது இந்த உருமாற்றத்தையே எதிர்த்தனர் என்பது இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

ஆயினும் இவ்வாதத்தை எல்லை மீறி இழுத்துச் செல்வோரும் உளர். எல்லாம் சமூகமே, உயிரியல் ஏதுமில்லை என்பது பொருள்முதல்வாதத்தைக் கொச்சைப்படுத்துவதாகும். ஒரே லயத்தில், ஒரே உணவில், ஒரேவகைப் பராமரிப்பின்மையில் வாழ்ந்தோருள் நூற்றுக்கு 11 பேரில் நோய் முன்னேறவில்லை என்பது மறுக்கவியலாத உண்மை. ஒரே நிலைமை வெவ்வேறு உடல்களில் வெவ்வேறு விளைவுகளைத் தருகின்றது. உடலின் எதிர்வினை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றது எனும் அறிவு இவ்வாய்வின் நிலையான பெறுபேறாகும். அது அறிவியலுக்கு ஓர் உண்மையான ஆக்கம். அதனை வர்க்க ஆய்வின் பெயரால் தள்ளிவிட எமக்கு உரிமையில்லை. சமூகம் நோய்க்கான வாயிலைத் திறந்துவைக்கின்றது. உடல் அவ்வாயிலினூடாகச் செல்லும் வேகத்தைத் தீர்மானிக்கின்றது. இரண்டின் இயக்கவியல் உறவையே நாம் காணுதல் வேண்டும். நூற்றுக்கு 89 பேருக்கு வாயில் திறந்தே கிடந்தது என்பதும் அதே ஆய்வின் சான்றே.

7

இவ்வறிவு எங்கே சென்றடைந்தது? 2017இல் கூடிய பன்னாட்டு அறிஞர் மாநாட்டின் விளைவாக 2018இல் முரசு நோய்க்குப் புதிய பாகுபாடு வெளியிடப்பட்டது. அதன்படி, நோயின் வேகத்தை மதிப்பிடுவதற்கு எக்ஸ்-கதிர்ப்படத்தில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட பல்லின் என்பிழப்பு வேர் நீளத்தின் நூற்றுவீதமாகக் கணிக்கப்பட்டு, நோயாளரின் வயதால் வகுக்கப்படுகின்றது. ஈவு 0.25இற்குக் குறைந்தால் நோய் மெதுவானது, 0.25 முதல் 1 வரை நடுத்தரமானது. 1ஐ விஞ்சினால் விரைவானது. நாற்பது வயதினர் ஒருவரின் பல்லில் நூற்றுக்கு இருபது பங்கு என்பு குறைந்திருப்பின் ஈவு 0.5. முப்பத்தைந்து வயதினருக்கு அரைவாசி குறைந்திருப்பின் ஈவு 1.4இற்கு மேலாகும்.

இக்கணக்கின் சிறப்பு யாதெனில், அசையாத நிழலொன்றினுள் அது காலத்தை நுழைக்கின்றது. தனியொரு படம் வேகத்தைக் கூறமாட்டாது என்று முன்னர் கண்டோம். வயதைத் துணைகொள்ளும்போது அப்படமே ஒரு வரலாற்று ஆவணமாகின்றது. மெதுவாகச் செல்வோரும் விரைந்து செல்வோரும் என மனிதர் வேறுபடுவர் என்னும் கருத்து இப்பாகுபாட்டின் உயிர்நாடி. அக்கருத்து நிலைபெறுவதற்கு ஆதாரமானவற்றுள் பூண்டுலோயா மலைகளின் அளவீடுகள் முன்னணியில் நிற்கின்றன. இன்று இலண்டனிலோ சென்னையிலோ பேராதனையிலோ ஒரு பல் வைத்தியர் என்பிழப்பை வயதால் வகுக்கும்போது, டன்சினன் தொழிலாளரின் வாய்களிலிருந்து பெற்ற அறிவு அவ்வகுத்தலினுள் கரந்து நிற்கின்றது. தேயிலை மலையிலிருந்து இறங்கியது, அறிவும் இறங்கியது. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயராவது பொறிக்கப்பட்டிருந்தது.

2010ஆம் ஆண்டில் அக்குழுவினரைத் தேடிச் சென்ற ஆய்வாளர், 75 பேரைக் கண்டு மீண்டும் பரிசோதித்தனர். முடிவுகள் 2017இல் வெளியாயின. நாற்பது ஆண்டுகளில் அவர்கள் இழந்த பற்கள் சராசரியாக 13. பன்னிருவர் எல்லாப் பற்களையும் இழந்திருந்தனர். நால்வரிடம் பற்றிழப்பே இல்லை. 1970இல் இளைஞராயிருந்தோர் முதியவராகிவிட்டனர். இடையில் 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கியது. 1990களின் இறுதியில் ஜப்பானிய உதவியுடன் பேராதனையில் நவீன பல் போதனா வைத்தியசாலை எழுந்தது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. இவற்றை முன்னேற்றமென ஏற்றுக்கொள்ளும் அதேவேளை, விழுந்த பல் எந்தச் சட்டத்தாலும் மீள முளைப்பதில்லை என்பதையும் குறித்தல் வேண்டும்.

8

கருவி மலைக்கு ஏறிவிட்டாற் பிரச்சினை தீரும் என்ற முடிவுக்கு வந்துவிடலாகாது. தோட்டத்தில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் புகையிலையும் சேர்ந்த மெல்லல், குளிரையும் பசியையும் களைப்பையும் தாங்கும் துணையாக இருந்து வந்துள்ளது. அது வாய்ப்புற்றுநோயின் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். அந்நோய் வாயின் மென்தோலில் தொடங்குகின்றது. எக்ஸ்-கதிர் மென்தோலைக் காணாது. புற்று என்பினுள் புகுந்த பின்னரே, அதாவது காலங்கடந்த பின்னரே, படத்திற் கரிய அரிப்பாகத் தெரியும். தொடக்கநிலையில் அதனைக் காண்பதற்கு வேண்டியவை நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணுமே.

1984இல் உலகச் சுகாதார நிறுவகத்தின் ஏட்டில் வெளியான இலங்கை ஆய்வொன்று இதனை மெய்ப்பித்தது. ஆரம்பச் சுகாதாரப் பணியாளர் 34 பேர், ஓராண்டுக் காலத்தில், கிராமப்புற மக்கள் 28,000இற்கு மேற்பட்டோரின் வாய்களைக் கண்ணாற் பார்வையிட்டு ஐயத்துக்குரியோரை மேற்பரிசோதனைக்கு அனுப்பினர். வைத்தியரல்லாதார் இதனைத் திறம்படச் செய்ய இயலும் என்பது நிறுவப்பட்டது. ஆனால் அனுப்பப்பட்டோருள் பாதிக்குச் சற்றே அதிகமானோர்தான் அப்பரிசோதனைக்குச் சென்றனர். நோயைக் கண்டவிடத்தும் சிகிச்சைக்கும் மனிதனுக்கும் இடையிலான தூரம் அப்படியே இருந்தது. அத்தூரத்தை எந்தக் கதிரும் படம்பிடிப்பதில்லை.

இவற்றிலிருந்து நாம் பெறும் முடிவுகள் மூன்று. முதலாவது, எக்ஸ்-கதிர்ப்படத்தை வாசிப்பதற்கு உடற்கூற்று அறிவும் கதிரின் கோணம் பற்றிய அறிவும் வேண்டப்படுவதுபோல, அப்படத்துக்குரியவரின் வாழ்நிலை பற்றிய அறிவும் வேண்டப்படும். வயதால் வகுக்கும் மருத்துவம், சம்பளத்தாலும் தூரத்தாலும் வகுத்துப் பார்க்கவும் கற்றல் வேண்டும். இரண்டாவது, மலையக வரலாற்றை எழுதுவோர் ஒப்பந்தங்களையும் தேர்தல்களையும் தொழிற்சங்கங்களையும் ஆவணமாகக் கொள்வதோடு நின்றுவிடாது, மருத்துவ ஏடுகளின் அட்டவணைகளையும் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளுதல் வேண்டும். பெயரின்றி அங்கே இலக்கங்களாக நிற்போர் எம்மவர். மூன்றாவது, ஒரு மக்கட் கூட்டத்தின் உடலிலிருந்து பெறப்பட்ட அறிவு அம்மக்கட் கூட்டத்துக்கே முதலில் பயன்படவேண்டும் என்ற கோரிக்கை, நியாயமான கூலிக்கான கோரிக்கையினின்றும் வேறானதன்று. கம்பளையிலிருந்து மலைக்கு ஏறும் பாதையில் அக்கோரிக்கை இன்னமும் முற்றாக நிறைவேறவில்லை.